தாளில் மட்டும் வரும் வரி

இந்தக் காலத்தில் ஒரு வலைப்பக்கத்தை யார் தாளில் அச்செடுத்துப் படிக்கிறார்கள் என்று என்னோடு வேலை பார்த்த லீபெரிடம் பதினொரு வருஷம் சண்டை போட்டவள் நான். மொந்தேவிதேயோ நகரத்தில் எங்கள் அலுவலகம் சின்னது. வலைப்பக்கங்களுக்கு உருவம் கொடுக்கிற வேலை எங்கள் இரண்டு பேருக்கும்தான். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், வரிக்கு வரி எவ்வளவு இடம் விட வேண்டும், கைபேசியில் திறந்தால் எது மேலே ஏறும், எது கீழே இறங்கும் என்று எல்லாவற்றையும் சி.எஸ்.எஸ். என்கிற கோப்பில் விதி விதியாக எழுதி வைப்போம். நான் மளமளவென்று எழுதித் தள்ளிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். அவன் எழுதி முடித்ததும் அச்சுப்பொறியிடம் போய் நிற்பான். தாளுக்கென்று தனியாக ஒரு கோப்பு வைத்திருப்பான். மெனுவை மறைத்துவிடு, பின்னணி வண்ணத்தை எடுத்துவிடு, எழுத்தைக் கறுப்பாக்கு, அட்டவணையின் ஒரு வரி இரண்டு தாளுக்கு நடுவில் உடையக் கூடாது என்று அதில் நுணுக்கி நுணுக்கி எழுதுவான்.

"திரையில தெரியறது மட்டும்தான் பக்கம்னு நினைக்கிறே பாரு, அதுதான் மிர்த்தா உன் வியாதி" என்பான்.

"உன் வியாதி என்ன தெரியுமா? காகிதம். நீ மரம் வெட்டுற கம்பெனியில சேர்ந்திருக்கணும்."

"ஒரு நாள் உனக்கே தேவைப்படும். அன்னிக்கு வந்து என் கால்ல விழு."

இந்த வருஷம் மார்ச் ஒன்பதாம் தேதி அவன் செத்துப்போனான். நாற்பத்தாறு வயது. ரத்தத்தில் வந்த நோய். நவம்பர் மூன்றாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், நாலு மாதம் படுக்கையில் கிடந்தான். அந்த நாலு மாதத்தில் நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. என் அப்பா கடைசியாகக் கிடந்தது ஓர் ஆஸ்பத்திரி நடைவழியில்தான். அந்த மருந்து வாடை மூக்கில் ஏறினால் வாசலிலேயே திரும்பிவிடுவேன். அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிப்போட்டேன். நான் கோழை, வேறு காரணம் ஒன்றும் இல்லை.

அவனுடைய அக்கா சூல்மா எனக்கும் அக்கா மாதிரிதான் இருந்தாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் அவள் வீட்டு அடுக்களையில் நின்றபடியே ராவியோலி தின்றிருக்கிறேன். பிணத்தருகே போய் நின்றபோது அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்பதான் வழி தெரிஞ்சுதா உங்களுக்கு?" என்று கேட்டாள். அதுவரை என்னை வாடி போடி என்று கூப்பிட்டவள். அதன் பிறகு போன் செய்தால் எடுக்கவில்லை, வீட்டுக்குப் போனால் கதவைத் திறக்கவில்லை. அவள் என்னை மறுபடி ஒரு தடவை அந்த அடுக்களைக்குக் கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதை நினைத்து நினைத்து ஐந்து மாதமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

அலுவலகத்தில் அவனுடைய நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை. மாத்தே இலைத் தேநீர் குடிக்கிற அவனுடைய சுரைக்குடுவை மேஜை மேல் அப்படியே இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு லீபெர் முதலில் சொல்லித் தருவது, ஒரு பொருளைப் பக்கத்திலிருந்து மறைக்க இரண்டு வழி உண்டு என்பதைத்தான். ஒரு விதி போட்டால் அந்தப் பொருள் போய்விடும், பக்கத்தில் உள்ளவை நகர்ந்து வந்து இடத்தை மூடிக்கொள்ளும். இன்னொரு விதி போட்டால் பொருள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதன் இடம் காலியாகவே நிற்கும். அவன் விஷயத்தில் நாங்கள் இரண்டாவதைச் செய்திருந்தோம். சில சமயம் அச்சுப்பொறி தானாக ஒரு தடவை முனகும், நான் சட்டென்று திரும்பிப் பார்ப்பேன், யாரும் நிற்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் பதின்மூன்றாம் தேதி, வியாழக்கிழமை, எங்கள் முதலாளி வால்டெமார் ஒரு வேலை கொடுத்தார். லா தேஹா பேட்டையில் மக்களே சேர்ந்து நடத்துகிற ஒரு சின்ன கிளினிக், அதன் வலைத்தளம் பழைய போன்களில் திறக்க நேரமெடுக்கிறது, தேவையில்லாததை எல்லாம் கழித்துக் கட்டு என்றார். லீபெர் இலவசமாகச் செய்து கொடுத்த தளம் அது. சூல்மா அங்கேதான் முன்மேஜையில் வேலை செய்கிறாள்.

இப்படிக் கழிக்க எங்களிடம் ஒரு கருவி இருக்கிறது. அது ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்த்து, எந்த விதி எங்கேயும் பயன்படவில்லை என்று பட்டியல் போட்டுக் கொடுக்கும். அதில் தாளுக்கான கோப்பு முழுவதும் சிவப்பில் இருந்தது. நானூற்றுச் சொச்சம் விதிகள், பயன்பட்டது பூஜ்யம். கருவி திரையை மட்டும்தான் பார்க்கும், தாளைப் பார்க்காது என்பது என் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் யார் அச்செடுக்கப் போகிறார்கள்? கோப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் தூக்கினேன். தளம் வேகத்தில் பறந்தது. வால்டெமார் சந்தோஷத்தில் எல்லோருக்கும் பிஸ்கோச்சோ வாங்கிவந்தார், நானும் இரண்டு தின்றேன்.

சரியாக ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் இருபதாம் தேதி காலை, நல்ல மழை. போன் வந்தது.

"மிர்த்தாவா?"

குரல் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். "சூல்மா! நான்தான், சொல்லு."

"கிளினிக் விஷயமாப் பேசறேன். வேற எதுக்கும் இல்ல."

"சரி. சொல்லுங்க."

மறுமுனையில் ஏதோ தாள் சலசலத்தது. பிறகு, "போன வெள்ளிக்கிழமையில இருந்து என் தம்பி பேச மாட்டேங்கறான்" என்றாள்.

துக்கம் அவளுக்கு மூளையில் ஏறிவிட்டது என்று நினைத்தேன்.

"எனக்குப் பைத்தியம் பிடிக்கல. நிதானமாக் கேளுங்க" என்றாள். "தினமும் காலையில ஏழு மணிக்கு எந்த டாக்டர் எத்தனை மணிக்குன்னு பக்கத்தைத் திறந்து பிரிண்ட் எடுத்துக் கண்ணாடிக் கதவுல ஒட்டறேன். அவன் ஆஸ்பத்திரியில சேர்ந்த அன்னிக்கு, தாளோட அடியில பொடி எழுத்துல ஒரு வரி வந்துச்சு. 'சூல்மா, தெர்மாஸ் மூடியை இன்னிக்கும் வீட்ல விட்டுட்டு வந்திருப்பே.' பார்த்தா, மூடி இல்ல. சாயங்காலம் போய் அவனைத் திட்டினேன், அவன் சிரிச்சுக்கிட்டே கிடந்தான். அதுல இருந்து தினம் ஒரு வரி. கத்தரிக்கோலால வெட்டி எடுத்துட்டுத்தான் தாளைக் கதவுல ஒட்டுவேன். லீவு நாள்லகூட சாவி எடுத்துட்டுப் போய் பிரிண்ட் எடுத்தேன். படுக்கையில இருந்தே தினமும் எழுதறான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் செத்துப்போனான். மறுநாள் அடக்கம். ஜனங்க மழையிலயும் வெயில்லயும் நடந்து வர்ற இடம், கதவுல தாள் இல்லேன்னா அலைவாங்களேன்னு அடக்கத்துக்கு முன்னாடி ஓடிப்போய் பிரிண்ட் எடுத்தேன். வரி வந்துச்சு."

அந்த வரியைப் படிக்கிற மாதிரியே சொன்னாள்.

"'கறுப்பு உடுத்தாதே, உனக்கு எடுக்காது.' நான் கறுப்புல நின்னுக்கிட்டிருந்தேன், மிர்த்தா. தரையிலயே உட்கார்ந்துட்டேன்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நான் ஒண்ணும் முட்டாள் இல்ல" என்றாள். "எல்லாம் முன்னாடியே எழுதி வச்சிருக்கான்னு எனக்குத் தெரியும். எப்படின்னு தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டாம். காலையில ஏழு மணிக்கு என் தம்பி எனக்கு ஒரு வார்த்தை சொல்றான், அது போதும். போன வெள்ளிக்கிழமை வெறும் தாள் வந்துச்சு. மெனு, பொம்மை எல்லாம் சேர்ந்து கண்றாவியா மூணு தாள் வந்துச்சு, அவன் வரி மட்டும் இல்ல. இன்னிக்கு ஏழாவது நாள்."

"ஏன் அன்னிக்கே கூப்பிடல?"

"சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி முடிச்சுட்டான் போலன்னு நினைச்சேன். ரெண்டாவது தடவை அழுதேன். ஆனா அவன் சொல்லிக்காம போற ஆள் இல்லையே. நீங்க ஏதாவது பண்ணீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். எங்கள் தொழிலில் ஏதோ கோளாறு என்றால் எல்லோரும் நம்புவார்கள். எனக்கு வாய் வரவில்லை.

"நான்தான் அழிச்சேன். தேவையில்லாத கோப்புன்னு நினைச்சு."

"ஆஸ்பத்திரிக்கும் வரல. இப்ப இதுவும்" என்றாள். "திருப்பிக் கொண்டுவர முடியுமா, முடியாதா?"

"முடியும்."

"கொண்டுவாங்க" என்று போனை வைத்துவிட்டாள்.

நாங்கள் அழிக்கிற எதுவும் அடியோடு அழிவதில்லை, பழைய பதிப்பெல்லாம் கிடங்கில் இருக்கும். ஒரே கட்டளையில் கோப்பு வந்து நின்றது. முதல் வரி, இயந்திரம் படிக்காத, மனிதர்களுக்கென்று எழுதுகிற குறிப்பு வரி. 'மிர்த்தா, நீ துடைப்பத்தோட வருவேன்னு தெரியும். இது வேண்டாத கோப்பு இல்ல. ஒரு தடவை தாளில் எடுத்துப் பார்.'

அவனுடைய நாற்காலியை நான் பார்க்கவே இல்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

அதற்குக் கீழே அட்டவணை விதிகள், அதற்குக் கீழே ஒவ்வொரு தேதிக்கும் ஒரு விதி. பக்கத்தில் இன்ன தேதி இருந்தால், தாளில் மட்டும், கடைசி வரிக்குப் பின்னால் இதைப் போடு. மாதமும் நாளும்தான், வருஷம் கிடையாது. கிடங்கில் உள்ள பதிவின்படி நவம்பர் மூன்றிலிருந்து பிப்ரவரி கடைசி வாரம் வரை தினம் ஒன்றாகச் சேர்த்திருக்கிறான். பிப்ரவரி இருபத்தேழாம் தேதி மிச்ச வருஷம் முழுவதற்கும் ஒரே நாளில் எழுதித் தீர்த்திருக்கிறான். அன்றைக்கே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஊசி ஏறிய கையோடு எத்தனை மணி நேரம் தட்டினானோ, நான் அன்று சாயங்காலம் என்ன செய்துகொண்டிருந்தேனோ.

அவளுக்கு உரியதைப் படிக்கக் கூடாது என்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். ஒன்றை மட்டும் தேடிப் பார்த்தேன். 'கறுப்பு' என்ற சொல் அந்தத் தேதி வரிகளில் எத்தனை இடத்தில் வருகிறது? ஒரே ஒரு இடத்தில், மார்ச் பத்தாம் தேதிக்கு. பதினொரு நாள் முன்னால் எழுதியிருக்கிறான். அது எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, யாராவது விளக்க வந்தால் கேட்கவும் எனக்கு விருப்பமில்லை.

கோப்பைத் தளத்தில் ஏற்றினேன். அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அவள் இழந்த ஆறு நாளை நானே கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன? தேதியைப் பதினாலு என்று மாற்றி அச்செடு, பதினைந்து, பதினாறு, அப்படியே பத்தொன்பது வரைக்கும். ஓர் உறையில் போட்டுக் கொடுத்தால் அவள் மனம் இளகாதா?

அச்சுப்பொறி அவன் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தாள்கள் கவிழ்ந்த வாக்கில் விழுந்தன, நான் திருப்பிப் பார்க்காமல் அடுக்கினேன். மூன்று வந்தன. நாலாவது உள்ளே மாட்டிக்கொண்டது. மூடியைத் திறந்து இழுத்தேன். தாளின் அடிப்பகுதி முதலில் என் கையோடு வந்தது. ஆகஸ்ட் பதினேழு.

'மிர்த்தா மேல கோபமா இருக்காதே. அவள் வராதது எனக்கு வருத்தமே இல்ல. வந்திருந்தா அழுது அழுதே என்னை முன்னாடியே கொன்னிருப்பா. ஞாயித்துக்கிழமை கூப்பிட்டுச் சோறு போடு.'

உட்கார இடம் தேடினேன். கிடைத்தது அவன் நாற்காலிதான், ஐந்து மாதத்தில் முதல் தடவையாக அதில் உட்கார்ந்தேன். அழுதேன், சிரிப்பும் வந்தது, இரண்டும் ஒரே நேரத்தில்.

வால்டெமார் வந்து நின்றார். "என்ன மிர்த்தா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"லீபெர் எழுதியிருக்கான்."

அவர் கோயில், கடவுள் என்று எதையும் நம்பாதவர். ஆனாலும் தாளைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து படித்தார். "கிளம்பு. இன்னிக்கு உனக்கு லீவு" என்றார்.

மிச்ச இரண்டு நாளையும் அச்செடுத்து, ஆறையும் உறையில் போட்டுக்கொண்டு லா தேஹாவுக்குப் பஸ்ஸில் ஏறினேன். நனையாமல் இருக்க உறையை மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். எனக்கான மன்னிப்பு அவன் கையெழுத்தில், இல்லை, அவன் கைப்பட்ட எழுத்தில் என் நெஞ்சோடு இருக்கிறது. எத்தனையோ மாதம் கழித்து நான் சந்தோஷமாக இருந்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.

கிளினிக்கில் ஈரக் கோட்டுகளோடு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சூல்மா சாம்பல் நிற மேலங்கியில், கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு முன்மேஜையில் இருந்தாள். இளைத்துப்போயிருந்தாள்.

"திரும்ப ஒரு தடவை பிரிண்ட் எடுங்க" என்றேன்.

என்னைப் பார்க்காமல் விசையைத் தட்டினாள். ஒரே ஒரு தாள் வந்தது, பழையபடி ஒழுங்காக, மெனு இல்லாமல், அட்டவணை உடையாமல். அடியில் பொடி எழுத்து. 'மாவு பிசைஞ்சு வை. இந்த மழை நிக்காது.'

வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. மழை பெய்தால் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் மாவைத் தட்டித் தோர்த்தா பொரிப்பார்கள். சூல்மா தாளை முகத்தோடு வைத்துக்கொண்டாள். பிறகு இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, வரியை நேராக வெட்டி, மாத்தே இலை வந்த பழைய தகர டப்பாவில் போட்டு மூடினாள்.

"இனிமே தினமும் வருமா?"

"வரும். ஆனா ஒண்ணு சொல்லணும். அவன் வருஷம் போடல. நவம்பர் மூணாம் தேதியில இருந்து பழைய வரிங்களே மறுபடி வரும். தெர்மாஸ் மூடியில இருந்து."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். டப்பாவின் மேல் இருந்த கையை எடுக்கவில்லை.

உறையை மேஜை மேல் வைத்தேன். "இது விட்டுப்போன ஆறு நாள். என்னால போனது. நானே எடுத்துட்டு வந்தேன்."

அவள் கை உறையிடம் வந்தது. உறையின் வாயைப் பிரிக்கப்போன விரல் அப்படியே நின்றது.

"நவம்பர்ல இருந்து வர்றதெல்லாம் நான் ஏற்கெனவே படிச்சது. அப்படித்தானே?"

"ஆமா."

"அப்ப படிக்காம மிஞ்சறது இந்த ஆறு மட்டும்தான்."

"ஆமா. அதுக்குத்தான் நான்…"

"அப்ப எடுத்துட்டுப் போங்க." உறையை என் பக்கம் தள்ளினாள். "அடுத்த ஆகஸ்ட்ல அவன் எனக்குப் புதுசா ஆறு வார்த்தை சொல்லுவான். அதை இப்பவே தின்னு தீர்த்துட்டா, அப்புறம் எனக்கு என்ன இருக்கு?"

உறையை மறுபடி அவள் பக்கம் நகர்த்தினேன். "சூல்மா, ஒண்ணு மட்டும். ஒண்ணே ஒண்ணு படிச்சுடுங்க. மத்த அஞ்சையும் வச்சுக்குங்க."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தாள். ஐந்து மாதத்தில் அவள் என் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். "நீங்க படிச்சீங்களா?"

"தாள் மாட்டிக்கிச்சு. இழுக்கும்போது ஒண்ணு கண்ணுல பட்டுடுச்சு."

"எது?"

"பதி…"

"வேண்டாம்." மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "எந்த நாள், என்ன சொன்னான்னு ஒரு வார்த்தை வெளியில விட்டீங்கன்னா, இந்த ஜென்மத்துல உங்களை மன்னிக்க மாட்டேன்."

வரிசையில் இருந்த ஒரு கிழவர் இருமினார். கண் டாக்டர் வந்தாச்சா என்று யாரோ கேட்டார்கள். சூல்மா அவர்கள் பக்கம் திரும்பி, பதினொன்றரைக்கு என்று பதில் சொன்னாள்.

நான் உறையை எடுத்து மறுபடி மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். சொல்லிவிடலாம் என்று நாக்கின் நுனிவரை வந்தது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும், ஐந்து மாதச் சுமை இறங்கிவிடும். ஆனால் அது அவளுடைய ஆறில் ஒன்று. ஏற்கெனவே ஒரு தடவை அவளுடையதை நான் அழித்திருக்கிறேன். சொல்லாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

அலுவலகத்துக்கு வந்து ஆறு தாளையும் துண்டு துண்டாகக் கிழித்தேன். பதினேழாம் தேதித் தாளைக் கிழிக்கத்தான் கை வர நேரமாயிற்று. பிறகு கோப்பைத் திறந்து, லீபெர் எனக்கு எழுதிய குறிப்பின் கீழே நானும் ஒன்று எழுதினேன். 'யாரும் தொடாதீர்கள். கருவி சொன்னாலும் நம்பாதீர்கள். தாளில் எடுத்துப் பாருங்கள். மிர்த்தா.' நானே எங்கேயாவது போய்ச் சேர்ந்துவிட்டால், எனக்குப் பின்னால் துடைப்பத்தோடு வருகிறவர் கண்ணில் படட்டும்.

இப்போதெல்லாம் எந்தப் பக்கம் செய்தாலும் அச்செடுத்துப் பார்க்கிறேன். தாளின் அடியைத்தான் முதலில் பார்க்கிறேன், அங்கே ஒன்றும் இருக்காது என்று தெரிந்தும் பார்க்கிறேன். போன் அடித்தால் எழுந்து நிற்கிற பழக்கமும் வந்துவிட்டது. அடுத்த வருஷம் ஆகஸ்ட் பதினேழு, காலை ஏழு மணிக்கு, சூல்மா விசையைத் தட்டுவாள், தாள் வரும், அவன் சொல்லுவான். அதுவரை அவள் என்னை நீங்க என்றுதான் கூப்பிடுவாள். இன்னும் முந்நூற்று நாற்பது நாள் இருக்கிறது.